மூன்றாவது மிச்சம்

ஜுபைலில் ஆகஸ்ட். இரவு இரண்டே முக்கால்.
ஏழாம் அலகின் உப்புநீர்த் தொட்டி
அரை மணியாக ஒரே எண்ணைச் சொல்கிறது:
நாலு புள்ளி இரண்டு பூஜ்யம்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் பச்சை" என்கிறாள் ரோவீனா, திரையைப் பார்த்து.
பச்சைதான்.
வெளியே ஷமால் மணலை வாரிச் சன்னலில் அறைகிறது.
மூன்றாம் பம்பு தன் பீடத்தில் உதறுகிறது.
உள்ளே வரும் கடலோ
கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி.
இத்தனைக்கும் நடுவே ஒரு நீர்மட்டம்
கடைசி இலக்கம்கூட அசையாமல் நிற்குமா?
உயிருள்ள அளவு கொஞ்சம் நடுங்கும்.

கணினிக்குள் இன்னொரு ஆலை ஓடுகிறது.
சமன்பாடுகளால் கட்டியது,
உப்புப் படியாதது, விடுப்புக் கேட்காதது.
இருக்கவேண்டியதை அது சொல்லும்,
இருப்பதை இது சொல்லும்,
கழித்தால் வருவதற்கு மிச்சம் என்று பெயர்.
மிச்சம் பூஜ்யத்தை ஒட்டி ஊர்ந்தால்
நாங்கள் தேநீர் குடிக்கலாம்.

நேர்கோட்டில் நடக்கிற ஆலை என்றால் இவ்வளவு பாடில்லை.
இரண்டு பங்கு திறந்தால் இரண்டு பங்கு வரும்.
இந்த வால்வு
முப்பது சதம் வரை முனகாது,
முப்பத்தொன்றில் பாதிக் கடலை உள்ளே விடும்.
ஜனவரியில் சரியாக இருந்த கணக்கு
ஜூனில் கூசாமல் புளுகும்.

எச்சரிக்கை வரம்பை இறுக்கிவைத்த வாரம்
ஓரிரவில் நாற்பது முறை மணி அடித்தது.
நாற்பத்தோராவது முறைக்கு யாரும் எழவில்லை.
தளர்த்திவைத்த வாரம்
ஒரு தாங்கி உருகிப் போனது, சத்தமே இல்லாமல்.
இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் எண் இருக்கிறதாம்.
அதைக் கண்டவன்
இன்னும் என் ஷிப்டுக்கு வந்ததில்லை.

பழுது இருக்கிறது என்பது பாதிச் செய்தி.
எங்கே?
அதற்கென்றே மூன்று மிச்சங்கள் செய்து வைத்திருக்கிறோம்,
ஒவ்வொன்றையும் ஒரு பழுதுக்குச் செவிடாக்கி.
முதலாவதற்கு வால்வின் குற்றம் கேட்காது.
இரண்டாவதற்குப் பம்பினுடையது.
மூன்றாவதற்கு மட்டமானி என்ன புளுகினாலும் காது இல்லை.
அதனால் கூச்சலை விட்டுவிட்டு
வாய் திறக்காதது எது என்று தேடுவோம்.

இன்று ஒன்றாவது அலறுகிறது.
இரண்டாவது அதைவிட.
மூன்றாவது,
வேறு வீட்டுச் சண்டை போல, தன்பாட்டுக்கு.

குல் ஜமான் டார்ச்சும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானருமாய்
மணலுக்குள் இறங்கிப் போனான்.
வாக்கி டாக்கியில் முதலில் காற்று, பிறகு இருமல்,
பிறகு அவன்:
அழுத்தக் குழாயின் வாயில் உப்பு,
ஒரு பாதாம் பருப்பு அளவு.
தட்டினான்.
திரையில் எண் சிலிர்த்துக்கொண்டது.
நாலு புள்ளி ஏழு ஒன்று. ஏழு நான்கு. ஏழு இரண்டு.
அரை மீட்டர் உப்புநீரை
அந்தப் பருப்பு மறைத்து வைத்திருந்தது.
ரோவீனா சிலுவை போட்டுக்கொண்டு
வடிகால் வால்வைத் திறந்தாள்.

நாலு மணிக்கு வடிவின் அழைப்பு.
அங்கே ஆறரை. கூட்டுறவு வங்கியில்
நகைகளை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறவள்,
பஸ்ஸுக்கு முன்பு எனக்குப் பத்து நிமிடம்.

"சாப்ட்டாச்சு. நல்லா இருக்கேன். இங்க ஒண்ணுமில்ல" என்றேன்.

"மூணு வருசமா இதே மூணு வாக்கியம்" என்றாள்.
"வரிசைகூட மாறல.
ஒரு நாளாச்சும் கூடக்குறையச் சொல்லுங்க,
அந்தப் பக்கம் ஆளு இருக்குன்னு நம்புறேன்."

சன்னலில் மணல் ஓய்ந்திருந்தது.
நான் குல் ஜமானின் ஸ்பானரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.
பதினோரு நாளாகப் பல் வலி என்றேன்.
இரவு ஷிப்டு முடிந்தாலும் தூக்கம் வருவதில்லை என்றேன்.
சம்பளம் இந்த மாதமும் தள்ளிப்போகிறது என்பதை
சொல்ல வந்து
விழுங்கினேன்.

அவள் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கடந்தது.
அது அவள் பஸ்தான்.

"பல்லு, தூக்கம், அப்புறம்?" என்றாள்.
"மூணாவது என்ன?"